பெயர் சொல்லி ஜெபித்தவள்

சேலையூர்,
12.2.2006

தம்பி தயாளனுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாராக. இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. இன்று காலையும் இதையேதான் அவரிடம் கேட்டேன்.

போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். முதல் தடவை லைன் அறுந்துபோனது என்று நினைத்தேன். அடுத்த தடவை உன் மனைவி குளோரி எடுத்து, "அவரு இல்லீங்க அண்ணி" என்றாள். பின்னால் நீ இருமினாய். நீ கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து உன் இருமலைக் கேட்டவள் நான். அதனால்தான் கடிதம். இதைக் காதில் விழாமல் வைத்துவிட முடியாது. கிழித்துப் போடலாம், கிழிப்பதற்கு முன் இரண்டு வரியாவது கண்ணில் படும்.

உன் மகள் ஹெப்சியை வண்டலூர் மாப்பிள்ளை எபி வீட்டார் வேண்டாமென்று சொல்லிவிட்ட செய்தி எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எபியின் பெரியம்மா ஞானாம்பாள் சொன்னாள். "நல்ல வேளை அக்கா, நீங்க ஜெபத்துல சொன்னீங்க. இல்லாட்டி எங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளுக்காக வேவு பார்த்தவள் போல.

நான் செய்தது இதுதான். ஆலயத்தில் அதிகாலை ஜெபத்தை நான் நடத்துகிறேன். நீ கல்லூரியில் சேர்வதற்கு முன்பிருந்தே நடத்துகிறேன். மழையோ காய்ச்சலோ ஒரு நாளும் நின்றதில்லை. வருகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். அதில் ஞானாம்பாளும் ஒருத்தி. ஹெப்சி என் வீட்டுக்கு வந்து, "அத்தை, எனக்குப் பயமா இருக்கு, ஜெபம் பண்ணுங்க" என்று அழுதுவிட்டுப் போனாள். மறுநாள் முழங்கால் போட்டு, எல்லோருக்காகவும் ஜெபிப்பது போலவே அவளுக்காகவும் பெயர் சொல்லி ஜெபித்தேன். அவளுக்கு வரும் வலிப்பை முழுவதும் எடுத்துப்போடும்படி கேட்டேன். அதை மறைத்து வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு நிற்கிற பயத்திலிருந்து அவளை விடுவிக்கும்படி கேட்டேன்.

இதில் எது தவறு? நான் கர்த்தரிடம் பேசினேன். பக்கத்தில் இருந்தவள் காதை வைத்துக் கேட்டாள் என்றால் அது அவள் பாவம். ஜெப நேரத்தில் காதை மனிதர் பக்கம் திருப்பி வைத்தவளை விட்டுவிட்டு என் மேல் ஏன் கோபம்?

பதில் எழுது.

ரத்தினபாய்


கீழ்க்கட்டளை,
19.2.2006

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. முழுவதும் படித்தேன். குளோரியும் படித்தாள். ஹெப்சியிடம் கொடுக்கவில்லை.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எபியின் அப்பா முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார். நிச்சயத்துக்குத் தேதி குறிக்க வந்திருக்கிறார் என்று குளோரி கேசரி கிளறினாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சார், பொண்ணுக்கு என்னமோ உடம்புக்கு இருக்குதாமே. நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே?"

"யார் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் புறணி பேசல சார். உங்க அக்காவே ஜெபத்துல அழுதாங்களாம். ஜெபத்துல யாராவது பொய் சொல்வாங்களா?"

ஹெப்சி காபித் தட்டோடு திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவர் போன பிறகும் அதே இடத்தில் நின்றாள். குளோரி தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். கேசரியை மறுநாள் கொட்டினோம்.

அவளுக்குக் கடைசியாக வலிப்பு வந்து பல வருடங்கள் ஆகின்றன. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் எந்தப் பயமும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பல்லாவரத்தில் வேலைக்குப் போய்விட்டுத் தனியாக பஸ்ஸில் வருகிறவள். இப்போது பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை அவள் ஒரு நோயாளி.

இது முதல் தடவையும் இல்லை அக்கா. பாடகர் குழுவில் இருந்த மனிதர் குடிக்கிறார் என்று பெயர் சொல்லி ஜெபித்தீர்கள். அவர் குடியை விடவில்லை, பாட்டை விட்டார். கீழ் வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை இல்லை என்று ஜெபித்தீர்கள். அவள் இப்போது வேறு சபைக்குப் போகிறாள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள். மற்றவர்கள் காதைத் திறந்துகொள்கிறார்கள். இது உங்களுக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். வீட்டுக்கு வாருங்கள். ஹெப்சியின் முன்னால் உட்கார்ந்து, "நான் செய்தது தவறு" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு போனை எடுப்பேன். அதுவரை வேண்டாம்.

தயாளன்


சேலையூர்,
26.2.2006

தம்பி தயாளனுக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவன். அம்மா செத்ததும் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தி உன்னை என் இடுப்பில் ஏற்றினார்கள். அதைச் சொல்லிக்காட்டவில்லை. மரியாதை எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன்.

நான் வந்து தவறு என்று சொல்ல மாட்டேன். ஜெபித்தது தவறு என்று என் வாயால் சொன்னால், அடுத்த நாள் காலை எந்த வாயோடு அவர் முன்னால் போய் நிற்பேன்?

பள்ளியில் படித்த கொஞ்சமும் மறந்துபோன பிறகு எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது யாருமில்லை. ஆலயத்தில் வேத பாடம் வாசிக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் விரல் போகும் இடத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்தை மறுபடி கற்றேன். சத்தம் போட்டு வாசித்தால்தான் எனக்குப் பொருள் பிடிபடும். ஜெபமும் அப்படித்தான். மெல்லப் பேசத் தெரியாத ஒரு மனுஷியை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். ஹாஸ்டலில் மேட்ரனாக இருந்த காலம் முழுவதும் முந்நூறு பெண்பிள்ளைகள் எழும்புவதற்கு முன் அவரோடு பேசி முடித்திருப்பேன். எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இருந்தும் குறை என்று ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. உள்ளே எப்போதும் நிறைந்திருந்தது. பி.காம். படித்து ஆபீசர் ஆகி ஓய்வு பெற்ற உன் முகத்தில் அந்த நிறைவை நான் பார்த்ததில்லை. தினமும் போகிறவளுக்குக் கிடைப்பது, பண்டிகைக்குப் பண்டிகை போகிறவனுக்குக் கிடைக்காது.

பெயர் சொல்லக் கூடாது என்கிறாய். பெயரில்லாத ஆளுக்காக எப்படி அழுவது?

நீ என்ன செய்யப் பார்த்தாய் என்று நானும் கேட்கிறேன். மாத்திரையைப் பவுடர் டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்பலாம், கல்யாணம் ஆன பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று நீயும் குளோரியும் பேசினீர்கள். ஹெப்சியே என்னிடம் சொன்னாள். சமையலறையில் நீங்கள் பேசியதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இன்னொருவன் வீட்டுக்குள் பொய்யை அனுப்பப் பார்த்தவன் நீ. கதவு அடைபட்டதற்கு என் மேல் கோபிக்கிறாய்.

லெந்து நோன்பு நாட்கள் தொடங்கப் போகின்றன. உன்னை நீயே சோதித்துப் பார்.

ரத்தினபாய்


கீழ்க்கட்டளை,
5.3.2006

அக்காவுக்கு,

பவுடர் டப்பா விஷயம் உண்மை. குளோரி சொன்னாள், நான் தலையாட்டினேன். எந்தத் தகப்பனும் தலையாட்டியிருப்பான்.

ஆனால் அதை ஹெப்சி உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் எனக்கு எழுதிவிட்டீர்கள். இதற்கு ஜெபம் என்ற காரணம்கூட இல்லை. கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். "அத்தைகிட்ட ஒண்ணு சொன்னா தாம்பரம் ஸ்டேஷன் மைக்ல சொன்ன மாதிரி" என்றாள். அதற்குப் பிறகு என்னோடும் பேசவில்லை, அவள் அம்மாவோடும் பேசவில்லை. மாத்திரையை எங்கள் கண்ணெதிரே, வரவேற்பறையில் நின்று சாப்பிடுகிறாள்.

பாஸ்டர் வில்பிரடுக்கும் சபைக் கமிட்டிக்கும் உங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

தயாளன்


சேலையூர்,
18.6.2006

தம்பி தயாளனுக்கு,

நீ எழுதியது வேலை செய்துவிட்டது. சந்தோஷமாக இரு.

ஈஸ்டர் முடியட்டும் என்று காத்திருந்து கூப்பிட்டார்கள். கமிட்டியார் நால்வர், பாஸ்டர், நான். பிஸ்கட் வைத்தார்கள். ஆளை நீக்கும்போது பிஸ்கட் வைப்பது இப்போதைய முறை போலிருக்கிறது.

"ஆன்ட்டி, உங்க வைராக்கியம் சபைக்கே ஆசீர்வாதம்" என்று பாஸ்டர் ஆரம்பித்தார். எனக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் அவர் வயசு இருக்கும். "ஆனா பொதுவா ஜெபிக்கலாமே. 'ஒரு சகோதரிக்காக'ன்னு சொன்னாப் போதும்."

"எந்த சகோதரின்னு ஆண்டவர் கேட்டா?"

"அவருக்குத் தெரியும் ஆன்ட்டி."

"எல்லாம் தெரியும்னா வாயைத் திறந்து ஜெபிக்கிறதே எதுக்கு பாஸ்டர்? ஞாயித்துக்கிழமை நீங்க மைக் வெச்சு ஜெபிக்கிறீங்களே, அவருக்குக் காது மந்தமா?"

கமிட்டியில் ஒருவர் சிரிப்பை அடக்க பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார். பாஸ்டர் சிரிக்கவில்லை. பாவம், அவர் கெட்டவர் அல்ல. அதிகாலை ஜெபம் இனி இல்லை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் மட்டும் நடக்கும், அதை அவரே நடத்துவார் என்று சொன்னார்கள். வருகிறவர்கள் யார், எத்தனை பேர் என்று எதுவும் கேட்கவில்லை. பக்கவாட்டுக் கதவின் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாளும் அதே நேரத்துக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. தெருவில் நின்று ஜெபிக்கலாம் என்று நினைத்தேன். பால் வண்டிக்காரன் ஒருமாதிரியாகப் பார்த்தான். ஞானாம்பாள் வரவில்லை. ஒருவரும் வரவில்லை. என்னோடு இத்தனை வருஷம் முழங்கால் போட்டவர்கள் கர்த்தருக்காகத்தான் வந்தார்கள் என்று நினைத்திருந்தேன். அடுத்தவர் வீட்டுச் செய்திக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்று இப்போது யோசிக்க வைத்துவிட்டாய். இதை நான் உனக்கு மன்னிப்பதாக இல்லை.

வீட்டிலேயே ஜெபிக்க ஆரம்பித்தேன். பக்கத்துப் போர்ஷனில் மீன் விற்கும் பச்சையம்மா குடியிருக்கிறாள். ஒற்றைச் செங்கல் சுவர். மூன்றாம் நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் வாசலில் நின்றாள்.

"இன்னாக்கா, காலங்காத்தால யாரையோ போட்டுக் காய்ச்சிகினு கீறே? தயாளன்னா யாரு? வாடகை பாக்கியா?"

"ஜெபம் பண்றேன்டி. தயாளன் என் தம்பி."

"தம்பியையா? நா யாரோ உன் காச தூக்கினு பூட்டான்னு நெனச்சேன். எங்க வூட்ல சாமியாண்ட இப்டி சத்தம் போட்டா, சாமி மூட்ட கட்டிகினு பூடும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தெருத் தெருவாகப் போகிறவள். அடுத்த நாள் வாயை மூடிக்கொண்டு ஜெபிக்க உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரு நாளும் தவறாமல் வந்தது, சத்தத்தை எடுத்ததும் நின்றுவிட்டது. அரை மணி நேரம் முழங்காலில் இருந்துவிட்டு எழுந்தேன். கால் வலித்தது, அவ்வளவுதான்.

என்னிடமிருந்து எதை எடுத்தாய் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

ரத்தினபாய்


கீழ்க்கட்டளை,
24.9.2006

அக்காவுக்கு,

பதில் வேண்டாம் என்றீர்கள். வேறொன்றுக்காக எழுதுகிறேன். போன சனிக்கிழமை ஹெப்சி உங்கள் வீட்டுக்கு வந்தாளாமே. குளோரியின் தம்பி அவளைக் கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பார்த்திருக்கிறான். வீட்டில் கேட்டால், "போனேன்" என்று மட்டும் சொல்கிறாள். சண்டை போட்டாளா, அழுதாளா, உங்களை மன்னித்தாளா, எதுவும் தெரியவில்லை. ஆறு மாதமாக ஒரே வீட்டில் ஒரு வாடகைக்காரி போல இருக்கிறாள். சாப்பிடுகிறாயா என்று கேட்டால் "ம்". அதற்கு மேல் இல்லை.

அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். நான் அவளுடைய அப்பா.

தயாளன்


சேலையூர்,
8.10.2006

தம்பி தயாளனுக்கு,

உன் கடிதம் வந்ததும் பதில் எழுதவில்லை. ஹெப்சியின் ஆபீசுக்குப் போன் செய்து, "உங்கப்பா கேக்கிறான், எழுதவா?" என்று கேட்டேன். "எழுதுங்க. என்னால அவர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியல" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அத்தை, நான் எதுக்கு ஜெபம் பண்ணச் சொன்னேன்?"

"பயமா இருக்குன்னு சொன்னே."

"எதுக்குப் பயம்னு கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை தயாளா. எனக்கே தெரியும் என்று நினைத்தேன். வலிப்பை மறைத்திருப்பது வெளியே வந்துவிடுமோ என்ற பயம்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"அந்த வாரம் எபியைப் பார்த்து நானே சொல்றதா இருந்தேன். வண்டலூர் ஜூவுக்கு வரச் சொல்லியிருந்தேன், அவன் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு தினமும் பேசிப் பார்த்தேன். அதுக்குத்தான் தைரியம் கேக்கச் சொன்னேன். எனக்கு முன்னாடி நீங்க போய்ச் சொல்லிட்டீங்க."

"ஆண்டவர்கிட்டதான்டி சொன்னேன்."

"அவருகிட்ட நான் சொல்லிக்க மாட்டேனா? எனக்கு வாய் இல்லையா?"

அப்புறம் இதைச் சொன்னாள். "அவன் வேணாம்னே சொல்லியிருக்கட்டும். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பான். நானும் தலைநிமிர்ந்து எழுந்து வந்திருப்பேன். அப்பா என்னை மூடி வெச்சு அனுப்பப் பார்த்தாரு, நீங்க திறந்து காட்டிட்டீங்க. ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல."

டீ போட்டேன். குடித்தாள். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மன்னித்தாளா என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாது. நானும் மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

நீ கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். மறுபடி ஜெபம் வந்ததா என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை. வரவில்லை. ஆனாலும் ஒரு நாளும் விடாமல் உட்காருகிறேன். மனம் இருந்து உட்காரவில்லை. பிடிவாதத்தால் உட்காருகிறேன். அவர் வந்தால் வரட்டும், வராவிட்டால் நான் வந்தேன் என்பதாவது இருக்கட்டும் என்று. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரி. இதில் யார் படுத்திருக்கிறவர், யார் துணைக்கு வந்தவர் என்று பல நாள் விளங்கவில்லை.

ஹெப்சி வந்துபோன மறுநாள் உட்கார்ந்தேன். அவள் பெயர் தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. நெஞ்சுக்குள்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு வாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டாளே. சும்மா இருந்தேன். அப்போது அவர் இருப்பது தெரிந்தது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நியாயம் என் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. உன் பக்கம் என்றும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. நிறைவு என்றால் பாட்டும் கண்ணீரும் என்று நினைத்திருந்தவள் நான். அதெல்லாம் இல்லாமலே உள்ளே இடம் இல்லாதபடி நிறைந்திருந்தது. அன்றையிலிருந்து தினமும் அப்படித்தான் இருக்கிறது. நல்ல நாளிலும் இருக்கிறது, எரிச்சல் பட்ட நாளிலும் இருக்கிறது.

இதைச் சந்தோஷமாக எழுதவில்லை. நீ இல்லை, ஹெப்சி இல்லை, ஆலயம் இல்லை, முழங்கால் போட்ட கூட்டம் இல்லை. இவ்வளவும் போன பிறகும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. நீங்கள் எல்லோரும் இருக்கும்போதே போதுமானதாக இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது கொடுக்கப்படவில்லை.

ரத்தினபாய்


கீழ்க்கட்டளை,
21.1.2007

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட நினைத்தேன். "அவங்க வந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன்" என்று குளோரி சொல்லிவிட்டாள்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு ஹெப்சியின் அறைக் கதவைத் தட்டினேன். "கேக்காம விட்டுட்டேம்மா" என்றேன். "ம்" என்றாள். பழைய "ம்" இல்லை. நாலைந்து நாள் கழித்து அவளே வந்து பேசினாள்.

ஆபீசில் கூட வேலை செய்கிற பையன் ஒருவன் இருக்கிறானாம். சானடோரியத்தில் வீடு. நம் ஆட்கள்தான். அவன் கேட்டிருக்கிறான். இவள் முதலில் வலிப்பைச் சொல்லிவிட்டு, பிறகு கேள் என்றிருக்கிறாள். அவன் பயந்துவிட்டான், பயந்ததை மறைக்கவும் இல்லை. "எங்கம்மாகிட்ட பேசணும், டாக்டரையும் நான் பார்க்கணும், டைம் கொடு" என்றானாம். வருகிற ஞாயிறு அவனும் அவன் அம்மாவும் வீட்டுக்கு வருகிறார்கள். சரியென்றும் சொல்லலாம், இல்லையென்றும் சொல்லலாம். "எதுவானாலும் என்கிட்ட நேர்ல சொல்லுவாங்கப்பா" என்கிறாள். அவள் தூங்குகிறாள். என்னால்தான் முடியவில்லை.

நான் ஜெபித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. உட்கார்ந்தால் உன் குரல்தான் காதில் கேட்கிறது. ஊருக்கே கேட்கும்படி என் மகளின் பெயரைச் சொல்கிற குரல். எழுந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உதட்டை அசைக்கிறேன். வாழ்நாள் முழுவதும் எனக்கும் சேர்த்து நீயே ஜெபித்துவிட்டாய். எனக்கென்று ஒரு வழி போட்டுக்கொள்ளவில்லை என்று இப்போது தெரிகிறது.

நீ ஜெபி அக்கா. சத்தமில்லாமல். யாரிடமும் சொல்லாமல். ஜெபித்துவிட்டு "ஜெபித்தேன்" என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. ஞாயிற்றுக்குள் கிடைத்தால் எனக்குத் தூக்கம் வரும்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. ஆகவில்லை.

தயாளன்


சேலையூர்,
24.1.2007

தம்பி தயாளனுக்கு,

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பாஸ்டர் வில்பிரடும் போன வாரம் வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, அதிகாலை ஜெபத்தை மறுபடி ஆரம்பிக்கலாமா? வெள்ளிக்கிழமைக்கு ஆளே வர்றதில்ல" என்றார். முடியாது என்றேன். நான் சத்தம் போட்டால்தான் கூட்டம் வரும் என்றால் அந்தக் கூட்டம் எனக்கு வேண்டாம். சாவியை அவர் நீட்டினார். நான் வாங்கவில்லை.

ஜெபித்தது தவறு என்று இப்போதும் எழுத மாட்டேன். கேட்காமல் ஜெபித்தேன் என்பதை ஹெப்சி என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. உனக்கு அதில் பங்கு இல்லை.

நீ கேட்கிற ஒரு வரியை நான் எழுதப்போவதில்லை. ஜெபித்தேன் என்றும் எழுத மாட்டேன், ஜெபிக்கவில்லை என்றும் எழுத மாட்டேன். கோபப்படாதே, படுவாய், பட்டுக்கொள். அக்கா என்ன ஜெபித்தாள் என்று உனக்கு எப்போதும் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது. இனி யாருக்கும் தெரியாது. அப்படி ஆக்கியது நீதான். கமிட்டிக்கு எழுதினாயே, அதற்கு எனக்குக் கிடைத்த கூலி இது. இதை நான் உனக்காகத் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.

என் வரியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நீ தூங்கிவிட்டால், இன்னொரு வருஷமும் எழுந்து உட்காரமாட்டாய். அதனால் சொல்கிறேன்: நீயே உட்கார். என் குரல் கேட்கும் என்கிறாய். கேட்கட்டும். நான் கத்துவேன், பெயர் பெயராகச் சொல்வேன், உன்னையும் திட்டுவேன். எழுந்து போகாதே. எப்படிப்பட்ட தொண்டையும் ஒரு நேரத்தில் ஓய்ந்துதான் ஆக வேண்டும். நான் ஓய்ந்த பிறகும் அங்கே ஒருவர் இருப்பார். முதல் நாளே தெரியாது. பத்து நாளிலும் தெரியாமல் போகலாம். எனக்கு மாதக்கணக்கில் ஆனது. உன்னைவிட நான் பழகியவள்.

ஞாயிறன்று அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நீ எனக்கு எழுத வேண்டாம். ஹெப்சிக்கு எழுதத் தோன்றினால் எழுதுவாள். தோன்றாவிட்டால் நான் தெரிந்துகொள்ளாமலே இருப்பேன். ஞானாம்பாளிடமும் கேட்க மாட்டேன். அவள் சொல்ல வந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவேன்.

நாளைக் காலையும் பச்சையம்மா கூடையோடு கிளம்புவதற்கு முன்பே எழுந்துவிடுவேன். எழுந்து என்ன செய்வேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

ரத்தினபாய்